ஐந்து எண்கள்: கொந்தளிக்கும் நீரைக் கணக்குக்குள் கொண்டுவந்த கதை

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)



டீக்கடையில மாஸ்டர் டீ ஆத்துறதைப் பார்த்திருப்பீங்க. ஒரு கை தலைக்கு மேலே, இன்னொரு கை இடுப்புக்குக் கீழே, நடுவுல பழுப்பு நிறத்துல ஒரு கோடு. கொதிச்சுட்டு இருந்த டீ நாலு ஆத்துல குடிக்கிற பதத்துக்கு வந்துடும். அதே டீயை கிளாஸ்ல ஊத்தி அப்படியே வெச்சுப் பாருங்க, அந்தச் சூட்டுக்கு இறங்க ரொம்ப நேரம் ஆகும். காரணம் ரெண்டு. ஆத்தும்போது காத்து படுற பரப்பு கூடுது. கூடவே டீ கலங்குது. உள்ளே இருக்கிற சூடு சுழல்கள் மேல ஏறி வெளியே வந்துடுது. எந்தத் திரவமா இருந்தாலும் சரி, கலங்கி ஓடினா வெப்பத்தை வேகமா கடத்தும்.

இந்தக் கலங்கலுக்கு இன்ஜினியரிங்ல பேரு டர்புலன்ஸ். தமிழ்ல கொந்தளிப்பு ஓட்டம்னு சொல்லலாம். விமான இன்ஜின், கார் ரேடியேட்டர், அணு உலை, உங்க லேப்டாப் ஃபேன், எல்லாத்திலேயும் வெப்பம் எங்கே போகுதுன்னு தெரியணும்னா இந்தக் கொந்தளிப்பைக் கணக்குப் போட்டாகணும்.

கணக்குக்கான சமன்பாடுகள் நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கு. 1822-இல் பிரான்ஸில் நேவியே, 1845-இல் இங்கிலாந்தில் ஸ்டோக்ஸ் எழுதினார்கள். நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள்னு பேரு. பிரச்சினை அதைத் தீர்க்கிறதுல. அதனால இன்ஜினியர்கள் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. சிவப்பும் மஞ்சளும் நீலமுமா கம்ப்யூட்டர் ஓட்டப் படங்களைப் பார்த்திருப்பீங்களே, அதுக்குப் பேரு சி.எஃப்.டி. அந்தப் படங்கள்ல ஏராளமானவைக்குப் பின்னாடி ஐந்து எண்கள் இருக்கு.

0.09, 1.44, 1.92, 1.0, 1.3.

1974-ல ஒரு கட்டுரையில அட்டவணையா வந்த எண்கள் இவை. இன்னைக்கும் ஒரு சி.எஃப்.டி. மென்பொருளைத் திறந்து, கே–எப்சிலான் மாடலோட அடிப்படை வடிவத்தைத் தேர்ந்தெடுத்தீங்கன்னா இதே எண்கள்தான் வந்து நிக்கும். ஒளியோட வேகம் மாதிரி இயற்கை நமக்குக் கொடுத்த மாறிலிகள் இல்ல இவை. சில சோதனைகளோட பொருந்தணும்னு மனிதர்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த எண்கள். யார் தேர்ந்தெடுத்தாங்க, எதை வெச்சு, அது எங்கே கைவிடும்? இதுதான் இந்த எபிசோட்.

மான்செஸ்டரில் ஒரு சாயக் கோடு

ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், 1842-இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். 25 வயதில் மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியர் ஆனார். நீராவி இன்ஜின்களும் பஞ்சாலைகளும் நிறைந்த ஊர் அது. கொதிகலனில் எரியும் நெருப்பின் சூடு குழாய்ச் சுவர் வழியாகத் தண்ணீருக்கு எவ்வளவு போகும் என்பது அங்கே காசு சம்பந்தப்பட்ட கேள்வி. நெருப்பு நேராகப் புகைபோக்கிக்குப் போனால் நிலக்கரி நஷ்டம்.

1874-இல் ரெனால்ட்ஸ் கொதிகலன்கள் பற்றி ஒரு சிறிய கட்டுரை வாசித்தார். அதில் இருந்த யோசனை இது: குழாய்ச் சுவரை உரசி ஓடும் திரவத்தின் சுழல்கள்தான் உராய்வை உண்டாக்குகின்றன. அதே சுழல்கள்தான் வெப்பத்தையும் தூக்கிச் செல்கின்றன. அப்படியானால் உராய்வை அளந்தால் வெப்பத்தை ஊகிக்கலாம். இந்த யோசனையை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் நம்ம கூடவே வரும்.

ஒன்பது வருடம் கழித்து, 1883-இல், அவருடைய புகழ்பெற்ற சோதனை வெளிவந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு தொட்டி. அதற்குள் புனல் மாதிரி வாய் விரிந்த ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் வாயில் மெல்லிய நூலாகச் சாயத்தை விட்டார். தண்ணீர் மெதுவாக ஓடியபோது சாயம் குழாயின் கடைசி வரை நேர்கோடாகப் போனது. வேகத்தைக் கூட்டினார். ஒரு கட்டத்தில், குழாயில் சற்றுத் தள்ளி ஓர் இடத்தில், கோடு சட்டென்று உடைந்து குழாய் முழுவதும் நிறம் பரவியது.

வெறும் கண்ணுக்கு அது ஒரு புகைமூட்டம் போல இருந்தது. மின்பொறியின் கணநேர வெளிச்சத்தில் பார்த்தபோது, அந்த மூட்டத்துக்குள் தெளிவான சுருள்களும் சுழல்களும் தெரிந்தன. அதாவது கலங்கல்னு நாம அலட்சியமா சொல்றதுக்குள்ள வடிவம் இருக்கு. நம்ம கண்ணுக்குத்தான் அந்த வேகம் போதல.

எப்போது கோடு உடையும் என்பதற்கு அவர் ஓர் அளவுகோல் கண்டுபிடித்தார். வேகம், குழாயின் விட்டம், அடர்த்தி மூன்றையும் பெருக்கி, பாகுநிலையால் வகுத்தால் கிடைக்கும் எண். ப்ளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்துல படிச்சிருப்பீங்களே, அதே ரெனால்ட்ஸ் எண்தான். குழாயில் இது சுமார் 2,000-க்குக் கீழே இருந்தால் ஓட்டம் சீராக இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் கொந்தளிப்புக்கு வாய்ப்பு. அந்தக் கருவி இன்றும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

சராசரி எடுத்தால் விழும் ஓட்டை

1895-இல் ரெனால்ட்ஸ் இன்னொரு வேலை செய்தார். அதிகம் பேசப்படாத வேலை. ஆனால் இன்றைய கம்ப்யூட்டர் மாடல்கள் பிறந்த இடம் அதுதான்.

அவர் நினைத்தது இதுதான்: ஒவ்வொரு சுழலையும் துரத்த முடியாது. இன்ஜினியருக்கு அது தேவையும் இல்லை. சராசரி வேகம், சராசரி அழுத்தம் தெரிந்தால் போதும். சமன்பாட்டையே சராசரி எடுத்துவிடலாமே?

எடுத்தார். அங்கே ஒரு ஓட்டை விழுந்தது. என்ன ஓட்டைன்னு ஒரு சின்னக் கணக்குல காட்டுறேன்.

ஓர் இடத்துல தண்ணியோட வேகம் இந்த நொடி 2, அடுத்த நொடி 4. சராசரி 3. அந்த 3-ஐ வர்க்கம் பண்ணா 9. இப்போ மாத்திப் பண்ணுங்க. முதல்ல ஒவ்வொண்ணையும் வர்க்கம் பண்ணுங்க: 4, 16. அதோட சராசரி 10. ஒன்பது எங்கே, பத்து எங்கே? நடுவுல ஒரு 1 உதைக்குது.

நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டுல வேகத்தை வேகத்தால பெருக்குற இடம் ஒண்ணு இருக்கு. அங்கே சராசரி எடுத்தா இந்த 1 மாதிரி ஒரு மிச்சம் வந்து உட்காரும். வேகம் மாறாம சீரா இருந்திருந்தா மிச்சமே வந்திருக்காது. ஆக, கொந்தளிப்பு முழுக்க இந்த மிச்சத்துலதான் ஒளிஞ்சிருக்கு. நாம வெச்சிருக்கிற சராசரிகளை மட்டும் வெச்சு அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, அந்த மிச்சத்துக்கே ஒரு சமன்பாடு எழுதினா? எழுதலாம். அதுல இன்னும் பெரிய மிச்சம் ஒண்ணு வரும். அதுக்கு எழுதினா அதைவிடப் பெரிசு. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குற கதைதான். எங்கேயாவது ஓரிடத்துல நிறுத்திட்டு, "இதுக்கு மேல நான் ஊகிச்சுக்கிறேன்"னு சொல்லித்தான் ஆகணும். டர்புலன்ஸ் மாடலிங் என்கிற மொத்தத் துறையும் அந்த ஊகத்தை எங்கே, எப்படிச் செய்வது என்பதுதான்.

அந்தக் கட்டுரையை மதிப்பிடச் சொல்லி ராயல் சொசைட்டி அனுப்பியது இரண்டு பெரிய ஆட்களிடம். ஒருவர் ஸ்டோக்ஸ், சமன்பாட்டில் பெயர் உள்ள அதே ஸ்டோக்ஸ். இன்னொருவர் ஹொரஸ் லாம்ப். இருவருக்குமே கட்டுரையைப் பின்தொடர்வது சிரமமாக இருந்தது. ரெனால்ட்ஸின் மீது இருந்த மரியாதையும் சேர்ந்துதான் அது அச்சேறியது. இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு நிம்மதி. ஸ்டோக்ஸுக்கே புரியலைன்னா, இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷத்துல நம்ம தலை சுத்துனதுல தப்பே இல்ல.

காகிதமும் பென்சிலும்

மிச்சத்தை ஊகிக்கும் முதல் யோசனை ரெனால்ட்ஸுக்கு முன்பே பிரான்ஸில் இருந்தது. 1877-இல் பூசினெஸ்க் சொன்னார்: கொந்தளிக்கும் தண்ணீரை, தண்ணீரைவிடக் கெட்டியான வேறொரு திரவமாக நினைத்துக்கொள்வோம். தேன் மாதிரி. சுழல்கள் செய்யும் கலக்கல் வேலையை ஒரு கூடுதல் பாகுநிலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வோம்.

அருமையான தந்திரம். ஆனா தேனோட கெட்டித்தன்மை தேனுக்கே சொந்தம். இந்தக் கூடுதல் கெட்டித்தன்மை தண்ணிக்குச் சொந்தம் இல்ல, ஓட்டத்துக்குச் சொந்தம். குழாய் நடுவுல ஒரு அளவு, ஓரத்துல ஒரு அளவு, வளைவுல இன்னொரு அளவு. அப்போ அதை யார் சொல்றது?

1925-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டில் ஒரு பதில் சொன்னார். ஒரு திரவக் கட்டி தன் இடத்தைவிட்டு நகர்ந்து, பக்கத்தில் இருப்பதோடு கலந்து தன் அடையாளத்தை இழக்கும் வரை கொஞ்ச தூரம் போகும். அந்தத் தூரம் தெரிந்தால் கெட்டித்தன்மையைக் கணக்கிடலாம். நேரான குழாய்க்கும் தட்டையான பரப்புக்கும் இது நன்றாக வேலை செய்தது. சிக்கலான வடிவம் வந்தால் அந்தத் தூரத்தை ஒவ்வொரு இடத்துக்கும் இன்ஜினியரே ஊகித்துக் கொடுக்க வேண்டும்.

1942. இரண்டாம் உலகப் போர். சோவியத் அறிவியல் கழகம் மாஸ்கோவிலிருந்து கசான் நகருக்கு மாற்றப்பட்டிருந்த காலம். கணிதமேதை கோல்மோகரோவ் மிகச் சிறிய ஒரு கட்டுரை எழுதினார். கெட்டித்தன்மையை நாம் ஊகிக்க வேண்டாம், கொந்தளிப்பே தன்னைப் பற்றிச் சொல்லட்டும் என்பது அவர் வழி. சுழல்களில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதற்கு ஒரு சமன்பாடு. எந்த வேகத்தில் அவை துடிக்கின்றன என்பதற்கு இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் ஓட்டத்தின் எந்த மூலையிலும் கெட்டித்தன்மை தானாகவே கிடைத்துவிடும்.

கிட்டத்தட்ட இன்றைய மாடலேதான். ஒரு குறை மட்டும், அந்தச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கம்ப்யூட்டர் அப்போது உலகத்தில் இல்லை.

லண்டன், 1972

கம்ப்யூட்டர் வந்ததும் முதல் வேகம் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில். அணுகுண்டு தயாரித்த அதே ஆய்வகம். அங்கே ஃபிரான்சிஸ் ஹார்லோவின் குழு திரவ ஓட்டத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கிக் கணக்கிடும் முறைகளை உருவாக்கியது. 1967–68-இல் ஹார்லோவும் நகயாமாவும் சுழல்களின் ஆற்றலுக்கும், அந்த ஆற்றல் தேய்ந்து அழியும் வேகத்துக்கும் சமன்பாடுகள் எழுதினார்கள். ஆற்றலுக்கு கே என்று பெயர், தேய்மான வேகத்துக்கு எப்சிலான்.

லண்டனின் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் ஸ்பால்டிங்கின் குழு இதே காலத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. இவர்களுடைய முதல் ஆர்வம் வெப்பமும் எரிதலும். உலைகள், எரிப்பு அறைகள், டர்பைன்கள். சூத்திரம் அழகாக இருப்பதைவிட நாளைக்கு ஒரு தொழிற்சாலைக்கு விடை சொல்ல முடிவது இவர்களுக்கு முக்கியம்.

அந்தக் குழுவில் புனேயிலிருந்து வந்த ஒரு இளைஞர் இருந்தார், சுஹாஸ் பதன்கர். புனே பொறியியல் கல்லூரி, ஐ.ஐ.டி. பம்பாய், பிறகு இம்பீரியலில் 1967-இல் முனைவர் பட்டம். அவரும் ஸ்பால்டிங்கும் தீர்த்த சிக்கல் அழுத்தம் பற்றியது. வேகத்துக்குச் சமன்பாடு இருக்கு, ஆனா தண்ணி மாதிரி சுருங்காத திரவத்துல அழுத்தத்துக்குத் தனியா சமன்பாடு கிடையாது. அவர்கள் வழி: முதலில் ஓர் அழுத்தத்தை ஊகித்துக்கொள். அதை வைத்து வேகத்தைக் கண்டுபிடி. ஒரு கட்டத்துக்குள் வரும் தண்ணீரும் வெளியேறும் தண்ணீரும் சமமா என்று பார். சமமாக இல்லையென்றால் அழுத்தத்தைத் திருத்து. திரும்பவும் செய். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சிம்பிள்'. இன்றும் ஏராளமான மென்பொருள்களின் உள்ளே இதுவோ இதன் பிள்ளைகளோதான் ஓடுகின்றன.

எனக்குப் பிடிச்ச ஒரு சின்ன விஷயம். வெப்பம், நிறைப் பரிமாற்றத்துக்கான ஒரு சர்வதேச ஆய்விதழ் இருக்கு. அதனுடைய 15-வது தொகுதி, 1972. அதே தொகுதியில்தான் பதன்கர்–ஸ்பால்டிங்கின் 'சிம்பிள்' வந்தது. ஜோன்ஸ், லாண்டர் இருவரும் எழுதிய கே–எப்சிலான் கட்டுரையும் அதிலேயேதான் வந்தது. இன்ஜினும் சக்கரமும் ஒரே லாரியில வந்து இறங்குன மாதிரி. இரண்டு வருடம் கழித்து, 1974-இல், லாண்டரும் ஸ்பால்டிங்கும் எழுதிய கட்டுரையில் அந்த ஐந்து எண்கள் அட்டவணையாக நின்றன.

எண்கள் எங்கிருந்து வந்தன? இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

காற்றுச் சுரங்கத்தில் குறுக்கே ஒரு கம்பி வலையை வைத்தால், அதைத் தாண்டிய காற்றில் சுழல்கள் உருவாகி, போகப் போகத் தேயும். அந்தத் தேய்மானத்தை அளந்து பார்த்துதான் 1.92 ஏறத்தாழ முடிவானது. சுவரையொட்டி ஓடும் ஓட்டத்தில், உராய்வு இழுப்புக்கும் சுழல் ஆற்றலுக்கும் உள்ள விகிதம் சுமார் 0.3 என்று சோதனைகள் காட்டின. 0.3-ஐ வர்க்கம் பண்ணுங்க: 0.09. மற்றவற்றைச் சுவரோர ஓட்டத்தோடும், தடையில்லாமல் பீறிடும் ஓட்டங்களோடும் பொருந்தும்படி முன்னும் பின்னும் நகர்த்தி வைத்தார்கள்.

வெப்பத்துக்கு வரும்போது சத்தமில்லாமல் ஆறாவது எண் ஒன்றும் சேரும். சுமார் 0.9. சுழல்கள் உந்தத்தைக் கடத்தும் திறனுக்கும் வெப்பத்தைக் கடத்தும் திறனுக்கும் உள்ள விகிதம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அது சொல்கிறது. 1874-ல ரெனால்ட்ஸ் கொதிகலனைப் பார்த்துச் சொன்ன யோசனை, நூறு வருஷம் கழிச்சு ஒரு எண்ணா கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சது.

பெட்டியில் போட்டு விற்ற அறிவு

அதுவரை ஒரு மாடலைப் பயன்படுத்துபவர் பெரும்பாலும் அதன் நிரலை எழுதியவராகவோ, எழுதியவருக்குப் பக்கத்து மேஜைக்காரராகவோ இருந்தார். எந்த எண் எந்தச் சோதனையிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். 1981-இல் ஸ்பால்டிங்கின் நிறுவனம் ஃபீனிக்ஸ் என்ற பொதுப்பயன் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1983-இல் ஃப்ளூயன்ட் வந்தது. இனி யார் வேண்டுமானாலும் வாங்கலாம், மெனுவில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து ஓட்டலாம்.

இதுல நல்லதுதான் அதிகம் நடந்தது, அதைச் சொல்லியாகணும். நூறு மாதிரிகள் செஞ்சு உடைச்சுப் பார்க்க வசதியில்லாத சின்ன நிறுவனங்கள்கூட ஒரு வடிவத்தைக் கம்ப்யூட்டர்ல சோதிச்சுப் பார்க்க முடிஞ்சது. ஆனா எண்களோட பூர்வீகம் அந்தப் பெட்டியோட சேர்ந்து போகல.

எச்சரிக்கைகள் அப்போதே இருந்தன. நீண்ட பிளவு வழியாகப் பீறிடும் காற்றுக்குச் சரியாக விடை சொல்லும் அதே எண்கள், வட்டத் துளையிலிருந்து பீறிடும் காற்று விரியும் வேகத்தைச் சுமார் 40 சதவீதம் கூடுதலாகச் சொல்கின்றன. 1978-இல் ஸ்டீபன் போப் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். துளையோட வடிவம் மாறினாலே தடுமாறுற எண்ணை இயற்கை விதின்னு சொல்ல முடியுமா? 1980–81-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த பெரிய மாநாட்டில் மாடல்களின் விடைகளையும் சோதனை முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எல்லா ஓட்டத்துக்கும் பொருந்தும் மாடல் ஒன்றுகூட இல்லை என்பதுதான் தெரியவந்தது.

ஒரே தவறு, இரண்டு பக்கம்

ஒரு ஜெட் இன்ஜினின் டர்பைன் தகடை எடுத்துக்கொள்வோம். நவீன இன்ஜின்களில் அதை மோதும் வாயுவின் வெப்பநிலை, தகடு செய்யப்பட்ட உலோகத்தின் உருகுநிலையைவிட அதிகம். ஆனாலும் தகடு உருகுவதில்லை. ஏனென்றால் அது உள்ளே குடைவானது. கம்ப்ரெஸரிலிருந்து எடுத்த காற்று உள்ளே ஓடுகிறது. குறிப்பாக, தகட்டின் முன்விளிம்பில் உள்ளிருந்து சின்னச் சின்னத் துளைகள் வழியாகக் காற்றைச் சுவர்மேல் நேராக அடித்துக் குளிர்விப்பார்கள்.

நேராக மோதும் ஓட்டம். இங்கேதான் கே–எப்சிலான் மாடலுக்கு ஒரு பழைய வியாதி. மோதும் இடத்தில் சுழல் ஆற்றலை இருப்பதைவிட மிக அதிகமாகக் காட்டும். அதன் எண்களில் பல சுவரோடு பக்கவாட்டில் வழுக்கிப் போகும் ஓட்டங்களில் பிறந்தவை. நேருக்கு நேர் மோதலை அவை பார்த்ததே இல்லை. 1993-இல் லாண்டரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதனைகளோடு ஒப்பிட்டுத் தெளிவாகக் காட்டினார்கள். அப்போது லாண்டர் இருந்த ஊர் மான்செஸ்டர். ரெனால்ட்ஸின் ஊர். தான் வளர்த்த மாடலின் குறையைத் தானே தேடிப் போய் அளந்தவர் என்பதற்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இப்போ யோசிச்சுப் பாருங்க. சுழல் ஆற்றல் கூடுதலா காட்டினா, வெப்பப் பரிமாற்றமும் கூடுதலா காட்டும். தகட்டோட வெளிப்பக்கம் இந்தத் தவறு நடந்தா, "வாயு சுடுறதைவிட அதிகமா சுடும்"னு மாடல் பயமுறுத்தும். நாம கூடுதல் ஜாக்கிரதையா இருப்போம், நஷ்டம் கொஞ்சம் எரிபொருள். அதே தவறு உள்பக்கம், குளிர்காத்து மோதுற இடத்துல நடந்தா, "நல்லா குளிருது, கவலைப்படாதே"ன்னு சொல்லும். நிஜத்துல தகடு அதைவிடச் சூடா இருக்கும். கணிப்பு 30 டிகிரி பிசகினாலே தகட்டின் ஆயுள் பாதியாகக் குறையலாம் என்பது இந்தத் துறையின் பாடப்புத்தகங்களில் இருக்கும் கணக்கு. ஒரே எண்கள், ஒரே தவறு. எந்தப் பக்கம் விழுதுங்கிறதுதான் வித்தியாசம்.

சராசரி மறைத்தது

இன்னொரு கதை, பிரான்ஸிலிருந்து. சிவோ அணுமின் நிலையம், 1998 மே மாதம். அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்த புத்தம்புது உலை. உலையை நிறுத்திய பிறகு மிச்ச வெப்பத்தை வெளியேற்றும் குழாய் அமைப்பில் ஒரு வளைவு பிளந்தது. சுமார் 18 சென்டிமீட்டர் விரிசல். மணிக்கு 30 கனமீட்டர் அளவில் தண்ணீர் உலைக் கட்டடத்துக்குள் கொட்டியது.

காரணம் துருவும் இல்லை, அதிக அழுத்தமும் இல்லை. சூடான தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் சந்திக்கும் இடத்துக்கு அருகில் இருந்த வளைவு அது. இரண்டும் உடனே கலந்துவிடாது. ஒரு கணம் சூடான நாக்கு குழாய்ச் சுவரை நக்கும், அடுத்த கணம் குளிர்ந்த நாக்கு. உலோகம் விரியும், சுருங்கும், விரியும், சுருங்கும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா எப்படி ஒடியுமோ, அப்படி.

இது ஒரு மென்பொருள் செய்த தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சராசரி எதை மறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்தச் சுவரின் சராசரி வெப்பநிலையை மட்டும் கேட்டிருந்தால் ஆபத்தில்லாத ஓர் எண் வந்திருக்கும். சுவரைப் பிளந்தது சராசரி இல்லை, அதைச் சுற்றி நடந்த ஆட்டம். 1895-ல ரெனால்ட்ஸ் ஒதுக்கி வெச்ச அந்த மிச்சம், 9-க்கும் 10-க்கும் நடுவுல இருந்த 1, இங்கே எஃகைக் கிழிச்சது.

இதே கவலை நம்ம கல்பாக்கத்திலும் உண்டு. 1985-இல் அங்கே இயங்க ஆரம்பித்த வேக ஈனுலையைக் குளிர்விப்பது தண்ணீர் இல்லை, திரவ சோடியம். சோடியம் வெப்பத்தை அபாரமாகக் கடத்தும். அதனால் சூடும் குளிரும் மாறி மாறி வரும் அந்த ஆட்டம் பெரிதாக மட்டுப்படாமல் சுவர் வரை போய்ச் சேரும். அது மட்டுமில்லாமல், சுழல்களின் உதவி இல்லாமலே சோடியத்தில் வெப்பம் தானாகப் பரவிவிடுவதால், உந்தமும் வெப்பமும் ஒரே வண்டியில் போகின்றன என்ற பழைய யோசனை அங்கே சரிப்படாது. ஆறாவது எண்ணான 0.9-ஐ அப்படியே நம்ப முடியாது.

அப்போ முழுசா கணக்குப் போட்டா என்ன?

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். இத்தனை சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கே, சராசரியே எடுக்காம எல்லாச் சுழலையும் கணக்குப் போட வேண்டியதுதானே?

போட்டார்கள். 1987-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் கிம், மொயின், மோசர் மூவரும் இரண்டு தட்டைச் சுவர்களுக்கு இடையில் ஓடும் ஓட்டத்தை எந்த மாடலும் இல்லாமல் நேரடியாகத் தீர்த்தார்கள். சுமார் 40 லட்சம் புள்ளிகள். ரெனால்ட்ஸ் எண்ணோ சில ஆயிரம்தான். விமான இறக்கையில் அது கோடிகளில் இருக்கும். ரெனால்ட்ஸ் எண் 10 மடங்கு கூடினால், தேவைப்படும் புள்ளிகள் ஏறத்தாழ 180 மடங்கு கூடும். மொத்தக் கணக்கு வேலை ஏறத்தாழ 1,000 மடங்கு. கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமா ஓடினாலும் இந்தப் பசிக்குத் தீனி போட்டு மாளாது.

நடுவழி ஒன்று இருக்கிறது. பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடு, சின்னவற்றை மட்டும் ஊகி. இந்த யோசனை வானிலைத் துறையிலிருந்து வந்தது. 1963-இல் ஸ்மகொரின்ஸ்கி வழி காட்டினார். 1970-இல் டியர்டார்ஃப் வெறும் 6,720 கட்டங்களை வைத்து ஒரு கொந்தளிப்பு ஓட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். சூடும் குளிரும் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க இந்த முறை உதவும். சிவோவுக்குப் பிறகு குழாய்ச் சந்திப்புகளை ஆராய இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சுவருக்கு நெருங்க நெருங்க இதன் செலவும் எகிறும். சராசரி மாடல்களிலும் மேம்பட்டவை வந்தன. 1988-இல் வில்காக்ஸ், 1994-இல் மென்ட்டர் என்று பலர் எண்களையும் சமன்பாடுகளையும் மாற்றியமைத்தார்கள். ஒவ்வொன்றும் சில இடங்களில் தேறியது, சில இடங்களில் சறுக்கியது.

அதனால் அன்றாட இன்ஜினியரிங் வேலையில் பெரும்பகுதி இன்றும் சராசரிகளை வைத்துத்தான் நடக்கிறது. புனேயிலிருந்து போன பதன்கர், பிறகு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, பின்னாளில் டேட்டா சென்டர்களின் தரைக்கடியில் குளிர்காற்று எப்படி ஓடுகிறது என்று கணக்கிடும் வேலையில் இறங்கினார். இந்த எபிசோடை நீங்க எங்கிருந்து டவுன்லோட் பண்ணீங்களோ, அந்த மாதிரி சர்வர்களுக்குக் காத்து போற வழியைத் திட்டமிடவும் இந்த வகைக் கணக்குதான் உதவுது.

நம்ம நேயர்கள்ல நிறைய பேர் இன்ஜினியரிங் படிக்கிறீங்க, சிலர் சி.எஃப்.டி. வேலையிலேயே இருக்கீங்க. மத்தவங்களும் மீட்டிங்லயோ செய்தியிலயோ அந்த வண்ணப் படத்தைப் பார்ப்பீங்க. அடுத்த தடவை பார்க்கும்போது மூணு கேள்வி கேளுங்க. எந்த மாடல்? அதோட எண்கள் எந்த மாதிரி ஓட்டத்துல அளந்தது, நம்ம ஓட்டம் அந்த ஜாதியா? இங்கே நமக்கு ஆபத்து சராசரியில இருக்கா, ஆட்டத்துல இருக்கா? அந்தப் படத்தைப் போட்டவர் நல்ல இன்ஜினியரா இருந்தா இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொல்லுவார்.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, மெக்கானிக்கல் படிக்கிற உங்க ஃப்ரெண்ட் ஒருத்தருக்கு அனுப்புங்க. கேள்விகள் இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல வேறொரு கதையோட சந்திப்போம்.